எதிர்க்காற்றில் பாய்ப்படகு முன்னேறுவது எப்படி?

வணக்கம். எஞ்சின் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதையும் செய்லிங் என்கிறார்கள், பாய் விரித்துப் படகு ஓட்டும் விளையாட்டுக்கும் அதுவே பெயர். இந்தக் காணொளி இரண்டாவதைப் பற்றியது. அதிலும் காற்று எதிரே வீசும்போது படகு எப்படி முன்னே போகிறது என்பதை மட்டும் விளக்கப் போகிறேன்.

காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகாலும் போக முடியாது. படகின் முகப்பைக் காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், சற்று நேரத்தில் படகும் நின்றுவிடும். அந்தத் திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகினால், இழுத்துக் கட்டிய பாய் வளைந்து நின்று விமான இறக்கையின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. அதன் இரு பக்கங்களிலும் உண்டாகும் அழுத்த வேறுபாடு படகை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒருசேர இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பை, படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் பலகை தடுக்கிறது. அந்தப் பலகையை மேலே தூக்கிவிட்டால் படகு நண்டுபோல ஒதுங்கிக்கொண்டே போகும். ஆகவே, காற்றை ஒருமுறை வலப்பக்கமும் மறுமுறை இடப்பக்கமும் வாங்கி, மாறிமாறிக் குறுக்கே ஓடித்தான் எதிர்த்திசையில் உள்ள இடத்தை அடைய வேண்டும். இதை டேக்கிங் என்பார்கள்.

கோணம் சரியா என்பதைப் பாயில் ஒட்டியிருக்கும் சிறு நூல்கள் காட்டிவிடும். பாயின் இரு பக்க நூல்களும் பின்னோக்கிப் படிந்து ஓடினால் எல்லாம் சரி. காற்றுப் பக்கத்து நூல் துள்ளினால் படகு காற்றை அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது, சுக்கானைக் கொஞ்சம் திருப்பி விலக வேண்டும். மறுபக்கத்து நூல் துள்ளினால் பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது காற்றை நோக்கிச் சற்றுத் திரும்ப வேண்டும். தேர்ந்தவர்கள் அலையையும் நூலையும் மாறிமாறிப் பார்த்தபடியே ஓட்டுவார்கள்.

பின்காற்றில் ஓடுவதுதான் சுலபம், வேகமும் அதில்தான் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றோடு சேர்ந்தே படகும் நகர்வதால் பாயில் படும் காற்று குறைகிறது; பெரும்பாலான படகுகளுக்குப் பக்கக்காற்றே அதிக வேகம் தருகிறது. போதாததற்கு, பின்காற்றில் கவனம் சற்றே பிசகினாலும் பாயின் அடியில் உள்ள நீண்ட குழாய் மறுபக்கம் வீசியடித்து மண்டையைப் பதம் பார்த்துவிடும்.

ஒலிம்பிக் போட்டிகளிலும் வழக்கமாகப் பந்தயத்தின் முதல் கட்டம் எதிர்க்காற்றில்தான் தொடங்குகிறது. 2021ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் பாய்ப்படகு வீராங்கனையான சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல், 5.76 சதுர மீட்டர் பாய் கொண்ட ஒற்றை ஆள் படகு. அத்தகைய படகுகள் பல ஒன்றாக, சுற்றித் திரும்ப வேண்டிய அடையாள மிதவையை நெருங்கும்போது, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே முன்னுரிமை. அதை ஓட்டுபவர், படகின் வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘ஸ்டார்போர்டு’ என்ற சொல்லை உரக்கக் கூவுவார். வழிவிடத் தவறியவர் பொதுவாகப் படகை இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகே போட்டியைத் தொடர வேண்டும்.