தினமும் 130 கிலோமீட்டர் ஓட செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கலாமா?

[காட்சி: காலை ஆறரை மணி. கொடைரோடு சுங்கச்சாவடி வரிசை. இடப்பக்கம் சிறுமலை.]

வணக்கம். வீடு திண்டுக்கல், வேலை மதுரை. போக 65 கிலோமீட்டர், வர 65. மாதம் 25 நாள் என்று வைத்தால் 3,250 கிலோமீட்டர். வருடத்துக்கு 39,000. இப்படி ஓடுகிறவர் பழைய டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

முதலில் கணக்கு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் பங்க் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான்கு வழிச்சாலையில் பெட்ரோல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 18 கொடுத்தால் மாதம் 18,200 ரூபாய். அதே வண்டியின் டீசல் 22 கொடுத்தால் 13,700. மாதம் 4,500 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 54,000.

இப்போது இதையே தினம் 30 கிலோமீட்டர் டவுனுக்குள் ஓடுகிறவருக்குப் போடுங்கள். மிச்சம் மாதம் சுமார் 1,000 ரூபாய்தான். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று மக்கர் செய்தால் ஒரு வருட மிச்சம் அதிலேயே போய்விடும். அவர் இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு நல்ல பெட்ரோல் வண்டி தேடலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

[காட்சி: பழைய பெட்ரோல் பங்க் விலைப்பலகை.]

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே வேறு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கியது. டீசலுக்கு விலக்கியது 2014 அக்டோபரில்தான். நடுவில் இருந்த நான்கு வருடத்தில் இரண்டுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரைகூட வித்தியாசம் இருந்தது. தேவை இருக்கிறவர், இல்லாதவர் எல்லாரும் டீசல் எடுத்தார்கள். அதற்குப் பிறகு 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அதற்கேற்ப மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே கைவிட்டது. ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் போலோவும் போய்விட்டது. அதனால் இன்று நாம் தேடுவது பெரும்பாலும் 2012க்கும் 2020க்கும் இடையில் வந்த பிஎஸ்-4 வண்டியாகத்தான் இருக்கும்.

சரி, எந்த வண்டி? நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், புன்டோ, இண்டிகா விஸ்டா, பலேனோ எல்லாவற்றிலும் இதுதான் உட்கார்ந்திருந்தது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கிண்டலாகச் சொல்வார்கள். பாகம் எங்கும் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது. குறை என்றால், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ எழுந்த பிறகுதான் இழுக்கும். ஐ20யின் 1.4 சிஆர்டிஐ 90 குதிரைத்திறன், ஹைவேயில் சொகுசு. ஃபோர்டு ஃபிகோவில் 2015க்குப் பிறகு வந்த 1.5 டீசல் 100 குதிரைத்திறன். ஓவர்டேக் எடுக்கும்போது முகத்தில் சிரிப்பு வரவைக்கும் வண்டி. எட்டியாஸ் லிவா பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் உழைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மல்டிஜெட், ஐ20 1.4, லிவா மூன்றிலும், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது டைமிங் செயின். ஃபிகோ, போலோ டீசல்களில் டைமிங் பெல்ட். பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், இன்ஜின் காலி. "பெல்ட் மாத்தியாச்சுங்க" என்று வாயால் சொன்னால் போதாது, பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள்.

[காட்சி: ஒரு கை பானெட் மேல். நெருக்கத்தில்.]

இனி வண்டியைப் பார்க்கப் போகிறோம். போகும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் சாவியை வாங்காதீர்கள், முதலில் பானெட் மேல் கையை வையுங்கள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. முதல் டீசல் வண்டி வாங்கப் போனபோது பானெட் வெதுவெதுப்பாக இருந்தது. கேட்டேன். "இப்பதான் சார் வாட்டர் வாஷ் முடிச்சு எடுத்துட்டு வந்தோம்" என்றார் வியாபாரி. வண்டியும் பளபளவென்று இருந்தது, நம்பிவிட்டேன். சூடான இன்ஜின் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது, புகையே இல்லை. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினால் நான்கு தடவை சுற்றியும் பிடிக்கவில்லை. ஐந்தாவது தடவை பிடித்தது. தெருவே வெள்ளைப் புகை. எதிர்வீட்டு அக்கா கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். இரண்டு இன்ஜெக்டர் போயிருந்தது.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது உங்கள் நண்பர் ஒருவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும். கண் எரிகிற, டீசல் நாற்றம் அடிக்கிற வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர், ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் என்று சந்தேகம் போக வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது லேசாகக் கருப்பு வந்தால் பயப்பட வேண்டாம். லாரி மாதிரி கக்கினால் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போ ஹோஸ் வரை பார்க்க வேண்டும். மல்டிஜெட் என்றால் ஸ்டார்ட் ஆன முதல் சில வினாடிகள் காதைக் கொடுங்கள். சங்கிலி உரசுகிற கடகட சத்தம் கேட்டால், முன்னாள் ஓனர் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்.

அப்புறம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை மேலேயே தளர்வாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால், புகை குபுகுபு என்று வந்தால், அதைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஆயில் கருப்பாக இருப்பதை மட்டும் குறையாகச் சொல்லாதீர்கள். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும்.

கிளட்ச்சுக்கு ஒரு டெஸ்ட் போதும். ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி, வண்டி அப்படியே போனால் கிளட்ச் ஸ்லிப்.

[காட்சி: ஓடோமீட்டர். 54,000 என்று காட்டுகிறது.]

கிலோமீட்டர் ரீடிங். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். யோசித்துப் பாருங்கள், டீசல் வாங்கியவர் ஓட்டத்தானே வாங்கினார்? ஒன்பது வருட டீசல் வண்டி 54,000 தான் ஓடியிருக்கிறது என்றால் எனக்கு இரண்டு எண்ணம் வரும். ஒன்று, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். ஸ்டியரிங் வழவழப்பாகி, கிளட்ச் பெடல் ரப்பர் ஒரு பக்கம் மழுங்கி, டிரைவர் சீட் ஓரம் அமுங்கிப் போயிருந்தால் அது ஐம்பதாயிரம் ஓடிய வண்டி இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள், அதில் ஒவ்வொரு தடவையும் ரீடிங் இருக்கும்.

இரண்டாவது, உண்மையிலேயே அவ்வளவுதான் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக. அது இன்னும் மோசம் என்பேன். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் கரி படியும், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு அடைக்கும். பிஎஸ்-6 டீசலாக இருந்தால் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியும் உண்டு. நெடுந்தூரம் ஓடிப் புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். 1,40,000 கிலோமீட்டர் ஹைவேயில் ஓடி, பத்தாயிரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய பில்லோடு வரும் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் வைப்பேன்.

சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் நினைவில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். காரைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கேதான் மிச்சம் இருக்கும். டெல்லி நம்பர் பிளேட் சல்லிசாகக் கிடைக்கும். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் பலர் தள்ளிவிட்டார்கள். என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் எடுத்து முடிக்கும்போது மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

பேப்பர் வேலை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். எம்பரிவாகன் செயலியில் எத்தனையாவது ஓனர், வண்டி மேல் லோன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எல்லாம் பாருங்கள். இ-செலானையும் பார்த்துவிடுங்கள். லோன் இருந்தால் பேங்க் என்ஓசியும் ஆர்சியில் லோனை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வரும் முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி நீங்களே ஆர்டிஓ ஆபீசில் போடுங்கள்.

சுங்கத்தையும் கணக்கில் சேருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த வண்டிக்கு ஃபாஸ்டேக் வருட பாஸ் இருக்கிறது: தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை, அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அது. எனக்குப் போக ஒன்று, வர ஒன்று, மாதம் 50. நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்படியும் அந்த விலையில் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான்.

[காட்சி: மெக்கானிக் ஷெட். டீசல் ஃபில்டர், நெருக்கத்தில்.]

வண்டி விலை போக ஒரு ஐம்பதாயிரம் தனியாக வைத்திருங்கள். வாங்கிய முதல் வாரமே ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும். என் இரண்டாவது வண்டிக்கு, எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன், மெக்கானிக் அண்ணன் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, டீ குடித்த கண்ணாடி கிளாஸில் பிடித்தார். இரண்டு நிமிடம் அப்படியே வைத்தார். மேலே வைக்கோல் நிறத்தில் டீசல், அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர்.

"இதுதான் தம்பி நேரா இன்ஜெக்டருக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு, கிளாஸை ஓரமாகச் சாய்த்து ஊற்றினார். அன்றிலிருந்து சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்தக் கிளாஸை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.