இரண்டு வார ஊழியம்: கூப்பிட்டது யார்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஊழியப் பயணம், அதாவது சபையார் குழுவாக அடுத்த நாட்டுக்குப் போய் உதவி செய்துவிட்டு வருவது, அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, "கேட்கிறவர்களில் நிறையப் பேர் கோயிலுக்குப் போகிறவர்களாச்சே, ரேடியோவை மூடிவிட மாட்டார்களா?" என்றுதான் நான் கேட்டேன். மூடிவிடாதீர்கள். யாரையும் மதம் மாற்ற நான் இங்கே வரவில்லை. அடுத்த நாட்டுக்குப் போய் நாலு பேருக்கு உதவலாம் என்று கிளம்புகிற எவருக்கும், கோயில் சங்கத்துக்காரர்களையும் சேர்த்துத்தான், இந்தப் பேச்சு.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து நம் சபைகளில் இந்த வழக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். வாலிபர் கூட்டத்தில் பெயர் கொடுப்பார்கள், பிரியாணி விற்றுப் பணம் சேர்ப்பார்கள், டி-ஷர்ட் அடிப்பார்கள். மொசாம்பிக் என்றால் பக்கம். நம் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். என்-2 சாலையில் ஹ்லுஹ்லுவே வரை போய், அங்கே பிரிந்து, கோசி பே எல்லைச் சாவடியில் முத்திரை குத்திக்கொண்டால் அந்தப் பக்கம். முன்பெல்லாம் அங்கிருந்து மணல் தடத்தில் வண்டி திணறும், கடைசியில் தலைநகர் மபூட்டோவுக்குப் படகில் ஏற வேண்டும். 2018 நவம்பரில் கட்டெம்பே பாலம் திறந்த பிறகு அந்தப் பாடு இல்லை. பாலம் நல்லதுதான். ஆனால் வழி சுலபமானால் ஆசையும் சுலபமாக வந்துவிடுகிறது.

என் கட்சி இதுதான். அங்கே இருக்கிற சபை கூப்பிட்டால் போங்கள், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். கூப்பிடவில்லையா, சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். சில பாஸ்டர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

நம்முடைய கதையையே பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபோதே அதில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1862இல் ரால்ஃப் ஸ்டாட் என்ற மெதடிஸ்ட் மிஷனெரி, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தார். அதற்கு முன்பே இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பல வருடம் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். கரும்புத் தோட்டத்து ஜனத்தோடு முதல் நாளே அவரால் பேச முடிந்தது. அப்புறம் 1903இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா வந்தார். அவரை அனுப்ப வேண்டும் என்று யாரோ மேலேயிருந்து முடிவு செய்து அனுப்பவில்லை. இங்கே கூலி வேலைக்கு வந்திருந்த தெலுங்கு பாப்டிஸ்டுகள், எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று ஊருக்குக் கேட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கப்பலேறினார். கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் அவர் ஆரம்பித்த வேலையிலிருந்து வளர்ந்த சபைகள் இன்றும் இருக்கின்றன.

அவர்களெல்லாம் இரண்டு வாரத்துக்கு வந்தவர்கள் இல்லை, நாம் எப்படி அந்த மாதிரி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். முடியாதுதான். வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் கேட்டுப் போவதற்கும் கேளாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வாரத்துக்கும் உண்டு, இருபது வருடத்துக்கும் உண்டு.

கேளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். பின்னால் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் இதை ஆராய்ந்தார். குழுக்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு, விமானச் செலவெல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 30,000 டாலர் ஆகியிருக்கிறது. உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புகள் அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டின. யார் கட்டிய வீடு என்பதால் அதில் குடியிருக்கிறவர்களின் வாழ்க்கையில் பெரிய வேறுபாடும் தெரியவில்லை. அந்தப் பேராசிரியரும் விசுவாசிதான், கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தவர். குற்றம் கண்டுபிடிக்க வந்த வெளியாள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

மொசாம்பிக்குக்கு வருவோம். 2019 மார்ச் 14ஆம் தேதி இரவு இடாய் புயல் பெய்ரா நகரத்தின் மேல் ஏறியது. அந்த நாட்டில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் காலரா. அதற்குப் பிறகு ஒரு குழுவோடு நானும் போனேன். புறநகரில் சின்னச் சபை. அதன் போதகர் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்: எங்களிடம் வேலையில்லாத தச்சர்கள் இருக்கிறார்கள், துத்தநாகத் தகடும் ஆணியும்தான் இல்லை. நல்ல மனிதர், விஷயத்தை வளைக்கவில்லை.

ஆகவே தகடும் ஆணியும் வாங்கப் பணம் போனது, தச்சர்களுக்குக் கூலி போனது, எங்கள் பையன்கள் ஏணி பிடித்தார்கள். டர்பன் பக்கத்து உம்லாங்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற பையன் ஒருவன் காலை முழுக்க ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றான். மேலே தச்சர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு கழியையும் சுவர்க் கட்டையோடு கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கி, விரலால் தட்டிப் பார்த்து, பிறகுதான் தகட்டை ஏற்றினார். ஆணி அடித்த இடத்தில் பழைய டயர் ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தார். அதனால் தண்ணீர் ஒழுகாது. புயலில் எந்தக் கூரை பிய்த்துக்கொண்டு போகும், எது நிற்கும் என்பது அவருக்குக் கைப்பாடம். நாங்கள் மேலே ஏறி அடித்திருந்தால் அடுத்த காற்றுக்கே பறந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயம். சீமா என்று அங்கே சொல்வது நம் ஊர் பாப் மாதிரிதான், சோள மாவுக் களி. கூடவே மட்டாப்பா. மரவள்ளி இலையை உரலில் இடித்து, நிலக்கடலை மாவும் தேங்காய்ப் பாலும் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நம் கீரைக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சபைப் பெண்கள் விடியுமுன்னே எழுந்து இடித்துச் சமைத்துக் கொண்டு வந்து வைக்கிறபோது, நம் ஆட்களில் சிலர் பெட்டியைத் திறந்து பீன்ஸ் டின்னையும் ஊறுகாய் பாட்டிலையும் எடுக்கிறார்கள். வயிறு கெடும் என்ற பயமாம். நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன், கொதித்த சூட்டோடு வருகிற மட்டாப்பாவால் வயிறு கெடாது. வழியில் நின்று வாங்கிக் குடிக்கிற ஐஸ் போட்ட ஜூஸால் கெடும். இயேசு எழுபது பேரை ஊருக்கு ஊர் அனுப்பியபோது பையும் வேண்டாம், பணமும் வேண்டாம், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றுதான் அனுப்பினார். விருந்தாளியாகப் போ என்று அர்த்தம். நாம் ட்ரெய்லர் கட்டிக்கொண்டு போகிறோம்.

இப்போது என் தொழில் சம்பந்தமான ஒன்று. ஒருநாள் மருத்துவ முகாம் என்று ஒரு வழக்கம். மேஜை போட்டு, பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, கையில் இருக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. பிரஷர் 190 இருக்கிற ஒரு பாட்டிக்கு முப்பது மாத்திரை கொடுக்கிறீர்கள். முப்பத்தோராம் நாள் யார் கொடுப்பார்கள்? பாதியில் நிறுத்தினால் பிரஷர் பழையபடி ஏறும், அவளுக்கோ மருந்து சாப்பிட்டாயிற்று, குணமாகிவிட்டது என்ற நினைப்பு. அந்த ஊர் சுகாதார நிலையத்தோடு பேசி, அவர்கள் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பதிவேட்டில் பெயர் ஏறினால் சரி. இல்லாவிட்டால் முகாமே வேண்டாம். அதோடு, இங்கே பதிவு பெற்ற நர்ஸ் என்பதால் எல்லை தாண்டி வைத்தியம் பார்க்க உரிமை வந்துவிடாது. அந்த நாட்டு அனுமதி வேண்டும். பெட்டி நிறைய மருந்து கொண்டு போவதற்கும் அப்படித்தான்.

மலேரியாவை லேசாக எடுக்காதீர்கள். பெய்ரா பக்கம் வருடம் முழுக்க உண்டு. டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வயிறு நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுக்காதீர்கள், இல்லையென்றால் நெஞ்சு எரியும். வெயிலில் தோலும் சீக்கிரம் கன்றிப்போகும். விலை கூடின இன்னொரு மாத்திரை இருக்கிறது, அடோவாகுவோன்-ப்ரோகுவானில். அதற்கு வந்தபின் ஏழு நாள் போதும். யாருக்கு எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரை சாப்பிட்டாலும் திரும்பி வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஃப்ளூ என்று பனடோ (பாராசிட்டமால் மாத்திரை) போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே போய், மொசாம்பிக் போயிருந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் டர்பன் டாக்டருக்கு மலேரியா ஞாபகம் வரும்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் கசப்பானது. அரிசி மூட்டையை மேடைக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்து, ஜெபம் முடிந்த பிறகுதான் கொடுப்போம் என்பார்கள். பசித்தவன் எதற்கும் ஆமென் சொல்வான். அதை எண்ணி இத்தனை ஆத்துமா மனம் திரும்பியது என்று இங்கே வந்து அறிக்கை வாசிப்பது எனக்குப் பிடிக்காது. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் நம் கோயில்காரச் சொந்தங்களுக்கு நம்மேல் உள்ள வருத்தமே இந்த மாதிரி வேலையால்தான் வந்தது. அரிசியை முதலில் கொடுங்கள், பெயர் எழுதாமல் கொடுங்கள். பிறகு கூட்டம் வையுங்கள். வருகிறவர் வருவார். பிள்ளைகளைப் படம் பிடிப்பதும் இதே கணக்கு. உங்கள் பிள்ளையைக் கந்தல் சட்டையோடு அடுத்தவர் ஃபேஸ்புக்கில் போட விடுவீர்களா?

இவ்வளவு குறை சொல்கிறாயே, பிறகு எதற்குத்தான் போவது என்றால், போகலாம். முதல் தடவை போகிறபோது முகம் தெரியும், மறு தடவை பெயர் தெரியும், அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அவர்களே, இந்த வருடம் ஆள் வேண்டாம், கிணற்று மோட்டார் கெட்டுவிட்டது, அதற்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஆகவே வருடத்துக்கு ஒரு நாடு என்று சுற்றாமல் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிற சபைக்குத்தான் என் ஓட்டு.

கிளம்புகிறவர்கள் ஜூலைப் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். மழைக்காலமும் புயல் காலமும் இல்லாத மாதம், கொசுவும் கொஞ்சம் குறைவு. பாஸ்போர்ட் தருகிற ஹோம் அஃபயர்ஸ் அலுவலக வரிசை உங்களுக்கே தெரியும், ஆகையால் பாஸ்போர்ட் வேலையை ஈஸ்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். வயதானவர்கள் வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வரலாம். அங்கே தலை நரைத்தவர் சொன்னால்தான் கேட்பார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி எந்த வண்டியில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

நன்றி, வணக்கம்.