ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய் மாலை வரை

நண்பர்களே, வணக்கம்.

2024 ஜூன் 30 அன்று பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. மொத்தம் 577 தொகுதிகள். தீவிர வலதுசாரியான தேசியப் பேரணிக் கட்சியும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கி முதலிடம் பிடித்தார்கள். அடுத்த ஞாயிறு, ஜூலை 7, இரண்டாம் சுற்றை எண்ணி முடித்தபோது இடங்களின் கணக்கில் அதே அணி மூன்றாவதாக நின்றது. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. விதியே அப்படி. அந்த விதியைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதல் சுற்றிலேயே ஜெயிக்க இரண்டு நிபந்தனை. செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். அது தொகுதியின் மொத்த வாக்காளர்களில் கால் பங்காவது இருக்க வேண்டும். 2024-இல் 76 பேர் அப்படி வென்றார்கள். மற்ற தொகுதிகள் எல்லாம் இரண்டாம் சுற்றுக்குப் போயின.

அதில் யார் நிற்கலாம்? முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நிற்கலாம். அவர்களோடு, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 12.5 சதவீதத்தைத் தொட்ட எவரும் நிற்கலாம். பதிவான வாக்கில் அல்ல, பட்டியலில் உள்ளவர்களில். இதைக் கொஞ்சம் கவனியுங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. 80,000 வாக்காளர் உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். 10,000 வாக்கு வேண்டும். 2022-இல் நாடு முழுக்கப் பதிவானது 47.5 சதவீதம்தான். அந்தக் கணக்கில் நம் தொகுதியில் வாக்களிப்பவர்கள் 38,000 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உங்களுக்குப் போட்டிருக்க வேண்டும். மூன்றாம் இடத்தில் இருப்பவருக்கு அது நடக்கிற காரியமா? அந்த ஆண்டு எட்டே தொகுதிகளில்தான் மூன்று பேர் தகுதி பெற்றார்கள். 2024-இல் வாக்குப்பதிவு 66 சதவீதத்தைத் தாண்டியது. அதே 10,000 வாக்குக்கு ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவான ஆதரவே போதும். மும்முனைப் போட்டிக்கு வாய்ப்புள்ள தொகுதிகள் 300-ஐத் தாண்டிவிட்டன.

இரண்டாம் சுற்றில் பாதி எல்லாம் வேண்டாம், அதிக வாக்கு வாங்குபவர் வெல்வார். சமமாக வந்தால் வயதில் மூத்தவர். ஆகவே எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிரிந்தால், முதலிடத்தில் இருப்பவர் சுலபமாக ஜெயித்துவிடுவார். நம் ஊர்த் தேர்தலைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய் மாலை 6 மணி வரை அவ்வளவு பரபரப்பு. இரண்டாம் சுற்றுக்குப் புதிதாக மனு போட வேண்டும். போடாமல் இருந்தாலே விலகியதாக அர்த்தம். 2024-இல் இடதுசாரிக் கூட்டணியிலும் அதிபர் மக்ரோன் அணியிலுமாக 200-க்கும் மேற்பட்டோர், தேசியப் பேரணிக்கு எதிரான வாக்கு சிதறக் கூடாது என்று, அப்படி ஒதுங்கினார்கள். 300-ஐத் தாண்டியிருந்த மும்முனைப் போட்டிகள் சுமார் 90-ஆகக் குறைந்தன.

அங்கே வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு, மேசைமேல் அடுக்கி வைத்திருப்பார்கள். சீட்டுகளையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போய், ஒன்றை மட்டும் உறையில் வைத்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் போட வேண்டும். "வாக்களித்தார்!" என்று அலுவலர் உரக்கச் சொல்வார். போன வாரம் நீங்கள் எடுத்த சீட்டு இந்த வாரம் மேசையில் இல்லை என்றால்? முதல் சுற்றில் பிடித்தவரைத் தேர்ந்தெடு, இரண்டாம் சுற்றில் வேண்டாதவரை விலக்கு என்று அங்கே சொல்வதுண்டு. இருவருமே வேண்டாம் என்பவர் வெற்றுச் சீட்டுப் போடலாம். அதைத் தனியாக எண்ணி அறிவிக்கிறார்கள், ஆனால் முடிவை அது அசைக்காது. 2012 முதல் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென்றே 11 தொகுதிகள் உள்ளன. ஆகவே தம் வேட்பாளர் விலகிவிட்டால் யாருக்குப் போடுவது என்பது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உள்ள பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் உள்ள கேள்விதான்.

இரண்டாம் சுற்றில் தேசியப் பேரணி அணிக்கு 37 சதவீத வாக்கு, வேறு எந்த அணியையும்விட அதிகம். தங்களுக்கு எதிராகக் கூடிவிட்டார்கள் என்று அவர்கள் குறைப்பட்டார்கள். அந்த வாக்காளர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அதே சமயம், விலகியவரின் வாக்கு தானாக யாருக்கும் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொருவரும் மறுபடி வரிசையில் நின்று போட்ட வாக்கு அது.

சரி, அதிபர் தேர்தல்போல முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டால் பேரமே இருக்காதே என்று கேட்கலாம். 2002 அதிபர் தேர்தலைப் பாருங்கள். 16 வேட்பாளர்கள், இடதுசாரி வாக்கு சிதறியது, பிரதமராக இருந்த லியோனல் ஜோஸ்பன் சுமார் 2 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குப் போய் வெளியேறினார். அவரை ஆதரித்தவர்களுக்கு மிஞ்சியது வலதுசாரி அதிபர் ஷிராக்கா, தீவிர வலதுசாரி லெ பென்னா என்ற கேள்விதான். ஷிராக் 82 சதவீதம் வாங்கினார். அதனால் மூன்றாமவருக்கும் வழி இருப்பதே மேல் என்பது என் கருத்து. நிற்பதா விலகுவதா என்பதை அவர் செவ்வாய்க்கிழமைக்குள் ஊரறியச் சொல்லட்டும்.