எனக்காக உபவாசம் பண்ணுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் காலை வணக்கம்.

எங்கள் அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நான் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முகப்பில் உட்கார்ந்திருப்பார்கள். "என்னத்தா, பலகாரம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஒருநாள், "இன்னைக்கு உபவாசம் ஆச்சி, கோயிலுக்குப் போறேன்" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "தனியாவா, எல்லாரும் கூடியா?"

"சபையில எல்லாரும் கூடித்தான் ஆச்சி."

"அப்பச் சரி. கூடி இருந்தாப் பசி தெரியாது."

வருஷந்தோறும் பிள்ளையார் நோன்பு பிடித்தவர் அவர். திருக்கார்த்திகை முடிந்து 21 நாள் கணக்கு வைத்து, கடைசி நாள் நகரத்தார் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, நூல்திரி ஏற்றிய மாவைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும், அதாவது இழை எடுத்துக்கொள்ளும் நோன்பு அது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள்கூட அங்கேயும் கூடித்தான் இழை எடுக்கிறார்கள். பள்ளிவாசலில் ஒரே பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றுகிறவர்களும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் கூடி நோன்பு இருப்பது என்றால் என்ன என்று செட்டிநாட்டில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் கிறிஸ்தவ சபைகளில் அது எப்படி நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆச்சி சொன்னது பாதி சரி. கூடி இருந்தாலும் பசி தெரியத்தான் செய்யும், அதிலும் நம் ஊரில் நன்றாகவே தெரியும். எங்கள் சபைக் கூடத்தில் கோரைப்பாய் விரித்துப் பத்து மணிக்கு உட்காருவோம். ஒரு கீர்த்தனை, அப்புறம் 51-ஆம் சங்கீதம், அப்புறம் பாவ அறிக்கை. பதினொன்றரை வரைக்கும் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணிக்குப் பின்தெருவில் இருக்கும் மெஸ்ஸில் தாளிக்க ஆரம்பிப்பார்கள். பட்டை, சோம்பு, கல்பாசி, வறுத்த மிளகு எல்லாம் சேர்ந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணை மூடி ஜெபிக்கிறவர்களின் தொண்டை எச்சில் விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை மணிக்கு மேல்தான் அந்தக் கூடுகையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். அதுவரை நீட்டி, அடுக்கி, அழகான வார்த்தைகள் போட்டு ஜெபித்தவர்கள் எல்லோரும் சுருக்கிவிடுவார்கள். அலங்காரம் பேச உடம்பில் தெம்பு இருக்காது. "ஆண்டவரே, அந்தப் பையனுக்கு ஒரு வேலை கொடும்" என்று ஒரே வரியில் நிறுத்திவிடுவார்கள். கேட்கிற நமக்கு நெஞ்சு அடைக்கும். பெரிய வீட்டுக்காரர், கூலி வேலைக்குப் போகிறவர், ஆயர் ஐயா என்று எல்லோருடைய குரலும் அந்த நேரத்தில் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கும்.

எதற்காகக் கூடி உபவாசம் இருக்கிறோம் என்று கேட்டால், நான் முதலில் எஸ்தரைத்தான் சொல்வேன். பெர்சிய ராஜாவின் மனைவியாக இருந்த யூதப் பெண். அவளுடைய ஜனத்தை முழுவதுமாக அழிக்க நாள் குறித்தாயிற்று. அழைப்பு இல்லாமல் ராஜாவின் முன் போய் நின்றால் உயிர் போகலாம், போகாவிட்டால் ஜனம் போகும். அந்த நேரத்தில் அவள் தன் உறவினன் மொர்தெகாய்க்குச் சொல்லியனுப்பியது, ஊரில் இருக்கிற யூதர் எல்லோரையும் கூட்டி மூன்று நாள் அல்லும் பகலும் "எனக்காக உபவாசம் பண்ணுங்கள்" என்பது. நானும் என் தாதிமாரும் அப்படியே இருப்போம் என்றாள். அப்புறம்தான், செத்தாலும் சாகிறேன் என்று கிளம்பினாள்.

அந்த "எனக்காக" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாம் எல்லோரும் பொதுவாக நம் பிள்ளைக்கு, நம் கடனுக்கு, நம் மூட்டுவலிக்கு விரதம் இருக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் சபையாகக் கூடும்போது நடக்க வேண்டியது இன்னொருவருடைய பாரத்தை வாங்கி நம் வயிற்றில் வைத்துக்கொள்வதுதான். அதனால் எங்கள் கூடுகையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஜெபக்குறிப்புகளைச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுவோம். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். நம் சீட்டே நம் கையில் வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். அன்றைக்கு முழுதும் நம் பசி அந்தச் சீட்டுக்காரருக்கு.

வேதத்தில் கூட்டு உபவாசம் வருகிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. யோவேல் தீர்க்கதரிசி எக்காளம் ஊதி உபவாச நாளைக் கூறச் சொல்லும்போது பெரியவர்களை, பிள்ளைகளை, பால்குடிக் குழந்தைகளைக்கூடக் கூட்டச் சொல்கிறார். புது மாப்பிள்ளையும் புதுப்பெண்ணும்கூட அறையை விட்டு வர வேண்டும் என்கிறார். நினிவேயில் ராஜாவே சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். அந்தியோகியா சபையார் உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கு அனுப்பும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மறுபடியும் உபவாசித்து, கை வைத்து அனுப்பினார்கள். புறப்பட்டது இரண்டு பேர், பசித்திருந்தது சபை.

முதல் நூற்றாண்டு முடிந்த காலத்திலேயே கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு நாளாக வைத்திருந்ததற்குப் பழைய சான்று இருக்கிறது. எங்களுடைய வெள்ளிக்கிழமை அந்த வழியில் வந்ததுதான். ஆண்டவர் சிலுவையில் மரித்த கிழமை. லெந்து நாட்கள், கத்தோலிக்கச் சகோதரர்கள் தவக்காலம் என்று சொல்வது, சாம்பல் புதனில் தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று உபவாசம் கிடையாது. ஆறு ஞாயிறு போக 40. கத்தோலிக்கத் திருச்சபையில் அந்தச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை, அன்று ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. எங்களைப் போன்ற சபைகளில் கட்டாயம் இல்லை, அவரவர் மனது. இரண்டும் நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் ஓரியூர் வரும். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர் என்ற போர்ச்சுகல் நாட்டுக் குரு உயிரைக் கொடுத்த மண். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து, புலால் விட்டு, காவி உடுத்தி, பண்டாரசாமியாக நடந்தார். இந்த மக்களோடு உட்கார வேண்டும் என்பதற்காகத் தன் சாப்பாட்டையே மாற்றிக்கொண்டவர். அந்தச் செம்மணலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் விட்டுக்கொடுத்த அந்தச் சாப்பாடுதான்.

சரி, உபவாசத்தில் மிச்சமாகும் அரிசி எங்கே போகிறது என்ற கதைக்கு வருகிறேன்.

2-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டைடஸ் என்று ஏதென்ஸ்காரர் ஒருவர், கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ரோமப் பேரரசனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் ஒரு செய்தி இருக்கிறது. அவர்களுக்குள் ஒரு ஏழை இருந்து, கொடுப்பதற்கு இவர்களிடமும் மிச்சம் இல்லாமல் போனால், இரண்டு மூன்று நாள் இவர்கள் உபவாசம் இருந்து அந்த உணவை அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். கொடுக்க வேறொன்றும் இல்லாதவர்கள் தங்கள் பசியைக் கொடுத்திருக்கிறார்கள். இதை முதல்முதலாகக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்போம். நம் பக்கத்து ஓலைக்கொட்டான் தெரியும் இல்லையா, வண்ணம் போட்டு முடைந்தது, அதில்தான் என் அம்மா வைப்பார்கள், நானும் அதில்தான் வைக்கிறேன். உபவாச நாள் அன்று, அந்த வாரத்துப் பிடி அரிசியோடு, அன்று மத்தியானம் நாம் சாப்பிட்டிருக்க வேண்டிய அரிசியையும் அளந்து கொட்டிக் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு 150 கிராம் என்று வைத்தாலும், நாற்பது பேர் உட்கார்ந்தால் ஆறு கிலோ. அது அந்த வாரம் இல்லாதவர் வீட்டுக்குப் போய்விடும். யார் வீடு என்று பலிபீடத்தில் நின்று அறிவிப்பதில்லை. பெண்கள் சங்கத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கட்டு வழியாகக் கொடுத்துவிட்டு வருவார்கள். உபவாசிக்கும்போது முகவாடலாய் இராமல், தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி இரு என்று இயேசு சொன்னது கொடுக்கிறவர்களுக்கு. வாங்குகிறவருடைய முகமும் வாடக் கூடாதல்லவா.

இந்த அரிசி நகராவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முடிந்ததாகவே இருக்காது. பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதான் எனக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா மூலமாகக் கடவுள் சொல்லியிருக்கிறார். காலையில் சாப்பிடாததை இரவில் இரண்டு பங்காகச் சாப்பிட்டால் யாருக்கு என்ன சேர்ந்தது?

இன்னொன்றையும் அவசியம் சொல்லிவிட வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால், மூன்று நாள் கூடுகை ஒன்றில், வயதான ஒரு அக்கா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் இருக்கும்போது நாம் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்ற கூச்சம். மதியம் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. பரிசுத்த ஆவியில் நிறைந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள், நானும்தான் நினைத்தேன். ஒரு நர்ஸம்மா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் குற்ற உணர்வுதான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், தள்ளாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. இப்போது எங்கள் கூடத்தின் பின்னறையில் கஞ்சி எப்போதும் இருக்கும். எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்து உட்காரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இதற்கு வேதத்திலேயே வழி இருக்கிறது. பவுல் கைதியாக ரோமுக்குப் போன கப்பலில் 276 பேர். புயலில் 14 நாள் சாப்பிடாமல் கிடந்தார்கள். பலமுறை உபவாசித்த அதே பவுல் எழுந்து நின்று, சாப்பிடுங்கள், நீங்கள் தப்பிப் பிழைக்க இது வேண்டும் என்று சொல்லி, அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணி, எல்லோர் முன்பும் தானே பிட்டுச் சாப்பிட்டுக் காட்டினார். எங்கள் போதகர் இதை வாசித்துவிட்டுத்தான் ஒவ்வொரு உபவாசக் கூடுகையையும் தொடங்குகிறார்.

கேட்டது கிடைக்குமா என்று இளம்பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். உபவாசம் கடவுளிடம் நடத்தும் உண்ணாவிரதப் போராட்டம் இல்லையம்மா, அவர் இறங்கி வந்து கோரிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு என்று சொல்வேன். தாவீது தன் குழந்தைக்காக ஏழு நாள் தரையில் கிடந்தான். குழந்தை பிழைக்கவில்லை. நாங்கள் கேட்டுக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாய். மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் நாலு மாதமாகப் போன் இல்லை. எங்கள் கூடுகைக்கு வந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ஜெபிக்கவே வரவில்லை. பல நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை, அதை உபவாசம் என்று அவர் சொல்லவுமில்லை. டப்பாவில் இருந்த எல்லாச் சீட்டுகளையும் அன்று ஓரமாக வைத்துவிட்டு, மூன்று மணி வரைக்கும் அந்தப் பையன் பேரை மட்டும் சொல்லி எல்லோரும் ஜெபித்தோம். மூன்று மணிக்கு மணி அடித்தது. கஞ்சி ஊற்றினார்கள், பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். நாங்கள் குடித்தோம். அவரும் ஒரு டம்ளர் வாங்கி, முழுவதும் குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டார்.

மகன் வந்தது பதினொரு மாதம் கழித்து, கையில் ஒன்றுமில்லாமல். அதுவரை அவர் காத்திருக்கவில்லை. அந்தக் கஞ்சி குடித்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமையே, பத்து மணிக்கு முன்னால் வந்து, ஒரு கொட்டான் அரிசியைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, டப்பாவில் கைவிட்டு வேறொருவருடைய சீட்டை எடுத்தார்.

வணக்கம்.