சோதனை நிலையிலேயே கிடக்கும் காம்போனென்ட்டை வெளியே கொண்டுவருவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் புதிதாக எதையும் கட்டப் போவதில்லை. யாரோ பாதி கட்டி, "சோதனை நிலை" என்று பலகை மாட்டி வைத்திருக்கும் காம்போனென்ட்களை, அதாவது பட்டன், பட்டியல் போன்ற திரைப் பகுதிகளைப் பற்றித்தான் பேச்சு. அவற்றை மெருகேற்றி, டூல்கிட்டின் (இத்தகைய காம்போனென்ட்களின் தொகுப்பு) முதன்மைப் பகுதிக்கு எப்படி ஏற்றுவது?

ஓப்பன் சோர்ஸ் டூல்கிட் எதை எடுத்தாலும் இப்படி ஒரு மூலை இருக்கும். பழைய ஜாவாஸ்கிரிப்ட் டூல்கிட்டான டோஜோவில் அதன் பெயர் டோஜோஎக்ஸ். அதில் சில மாட்யூல்களை லோட் செய்தாலே, ஏபிஐ (நம் கோட் அதை அழைக்கும் முறை) முன்னறிவிப்பு இல்லாமல் மாறலாம் என்று கன்சோலில் எச்சரிக்கை வரும். ரியாக்ட்டுக்கான காம்போனென்ட் தொகுப்பான மெட்டீரியல் யூஐயில், சோதனை நிலையில் இருப்பவற்றுக்கு லேப் என்று தனி பேக்கேஜே இருக்கிறது. ஆங்குலர் ஃபிரேம்வொர்க்காரர்கள் "டெவலப்பர் பிரிவியூ" என்பார்கள். பெயர் எதுவானாலும் பலகையை மாட்ட ஒரு நிமிடம் போதும், கழற்றத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மெட்டீரியல் யூஐ குழு, லேபிலிருந்து ஒரு காம்போனென்ட் வெளியே வர என்னென்ன வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. மக்கள் அதைப் பயன்படுத்த வேண்டும், கோடின் தரம் மற்ற காம்போனென்ட்களுக்கு இணையாக இருக்க வேண்டும், டைப் வரையறை வேண்டும், போதிய டெஸ்ட் வேண்டும். இதெல்லாம் நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அண்மை எதிர்காலத்தில் பிரேக்கிங் சேஞ்ச் (பழைய கோடை உடைக்கும் மாற்றம்) வரும் வாய்ப்பு குறைவாக இருக்க வேண்டும். அதாவது இன்றைக்கு வேலை செய்தால் மட்டும் போதாது. காம்போனென்ட்டுக்கு நாம் கொடுக்கும் பிராப்ஸின் பெயர், அது நமக்கு அனுப்பும் ஈவென்ட்டின் வடிவம் எல்லாம் இனி அசையாது என்று யாராவது துணிந்து சொல்ல வேண்டும்.

2021 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டோகம்ப்ளீட், அலர்ட், ஸ்கெலிட்டன், ரேட்டிங், பேஜினேஷன் என்று ஒரு கூட்டமே லேபை விட்டு வெளியே வந்தது. இதில் ஸ்கெலிட்டனும் ஆட்டோகம்ப்ளீட்டும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒன்று, தகவல் வரும்வரை காட்டும் சாம்பல் நிறப் பெட்டி. இன்னொன்று, தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பூதம்.

ஏன் பூதம் என்கிறேன்? டெமோவில் பார்த்தால் ஒரு இன்புட், கீழே ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஒரு மாலையில் எழுதிவிடலாம். அதன் பிறகுதான் கேள்விகள் வரும். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ஃபோகஸ் நகர வேண்டுமா, இல்லை இன்புட்டிலேயே இருந்துகொண்டு தேர்வு மட்டும் நகர வேண்டுமா? எஸ்கேப் அழுத்தினால் பட்டியல் மூடினால் போதுமா, எழுதியதும் அழிய வேண்டுமா? இந்த ஆட்டோகம்ப்ளீட் ஒரு டயலாக்குக்குள் இருந்தால் அதே எஸ்கேப் டயலாக்கையும் சேர்த்து மூடிவிடுமே, அதற்கு என்ன வழி? ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் விதமும் இடையில் மாறியது. ஸ்கிரீன் ரீடருக்கு எது என்ன என்று சொல்லும் தரமான ஏரியாவின் 1.1-இல் காம்போபாக்ஸ் ரோலை (இது பட்டியலோடு கூடிய இன்புட் என்ற குறிப்பை) இன்புட்டைச் சுற்றியுள்ள பெட்டிக்குக் கொடுக்கச் சொன்னார்கள், 1.2-இல் இன்புட்டுக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

நமக்கு நேரடியாக வலிக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது: ஐஎம்இ, அதாவது கீபோர்டில் தட்டுவதை வேறு மொழி எழுத்தாக மாற்றும் மென்பொருள். ஜப்பானியம், சீனம் போன்ற மொழிகளில் தட்டும்போது எழுத்து உடனே முடிவாகாது. பரிந்துரைகளிலிருந்து ஒன்றை எடுத்து, பல நேரம் என்டர் அடித்து, உறுதி செய்தால்தான் சொல் உட்காரும். ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுபவர்கள் சிலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அந்த என்டரை ஆட்டோகம்ப்ளீட் பிடித்துக்கொண்டு, பட்டியலில் இருக்கும் வேறெதையோ தேர்ந்தெடுத்துவிட்டால்? மெட்டீரியல் யூஐயின் கோடைத் திறந்து பாருங்கள், கீகோட் 229-ஆ என்று ஒரு சின்னச் சோதனை இருக்கும். ஐஎம்இ வேலை செய்துகொண்டிருக்கும்போது பிரவுசர் தரும் எண் அது. ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரி இல்லாமல் இந்த காம்போனென்ட்டை ஸ்டேபிள் என்று சொன்னால், கோடிக்கணக்கான பேருக்கு அது பொய்.

ஆங்கிலத்தில் மட்டும் தட்டுபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. அதனால்தான் சொல்கிறேன், இஷ்யூவில் (பிழைப் புகாரில்) கட்டைவிரல் போடுவதால் எந்த காம்போனென்ட்டும் ஏறாது. உங்கள் கீபோர்டில், உங்கள் மொழியில் தட்டிப் பாருங்கள். உடைந்தால், அதை மீண்டும் உடைத்துக் காட்டும் பத்து வரி கோடோடு இஷ்யூ போடுங்கள். முடிந்தால் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி அனுப்புங்கள். திருத்தம் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டூல்கிட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு அந்த டெஸ்ட்டே பாதி வேலை.

சரி, தரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பெயர்ப் பிரச்சினை. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் மெட்டீரியல் யூஐயின் புதிய கிரிட், ஐந்தாம் பதிப்பில் "அன்ஸ்டேபிள் கிரிட்2" என்ற பெயரில் இருந்தது. ஆறில் "கிரிட்2" ஆனது. 2025-இல் வந்த ஏழில் வெறும் "கிரிட்" ஆகி, பழையது "கிரிட் லெகசி" என்று ஒதுங்கிக்கொண்டது. நியாயமான வரிசைதான், ஆனால் முதல் நாளே நம்பி எடுத்தவர் தன் இம்போர்ட் வரிகளை இரண்டு முறை மாற்றியாக வேண்டும். முன்கூட்டி வந்து பிழை கண்டு சொன்னவருக்கு நாம் கொடுக்கும் பரிசா இது? ஆகவே காம்போனென்ட்டை ஏற்றும் அதே ரிலீஸில் கோட்மாடும் (பழைய கோடைத் தானாகத் திருத்தித் தரும் நிரல்) வர வேண்டும். ஐந்தாம் பதிப்பின்போது லேபிலிருந்து நகர்ந்தவற்றின் இம்போர்ட்டைத் தானாகவே மாற்றும் கோட்மாட் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், கோட்மாட் இல்லாத புரொமோஷன் புல் ரெக்வெஸ்ட்டை (காம்போனென்ட்டை ஏற்றக் கேட்கும் கோட் மாற்றத்தை) மெர்ஜ் செய்யவே கூடாது.

பலகையைக் கழற்றாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸின் முன்னொட்டுகளைப் பார்த்தால் போதும். சஃபாரி பிரவுசரின் இன்ஜினான "வெப்கிட்" பெயரை முன்னால் போட்டு எழுதுபவை சோதனைக்கு என்றுதான் வந்தன. எல்லோரும் அவற்றை நிஜத் தளங்களில் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் 2016-இல் ஃபயர்ஃபாக்ஸே தன் 49-ஆம் பதிப்பில் அவற்றில் பலவற்றுக்கு ஆதரவு தர வேண்டியதாயிற்று. நாம் எத்தனை எச்சரிக்கை எழுதினாலும், ஆயிரம் பேர் சார்ந்துவிட்ட பிறகு அது சோதனை இல்லை. வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில், தகவல் வரும்வரை மாற்றுத் திரை காட்டும் சஸ்பென்ஸ் 2020-இல் மூன்றாம் பதிப்போடு வந்தது, இத்தனை ஆண்டுகளாக "சோதனை" பட்டையோடு ஆவணத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இன்ன காரணத்தால் ஏற்றவில்லை என்று தேதி போட்டுச் சொல்லுங்கள்.

அதே வியூ குழு இன்னொரு விஷயத்தில் நேர்த்தியாக நடந்துகொண்டது. ரியாக்டிவிட்டி டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒன்று, ரெஃப்களின் (மாறினால் திரையும் தானே மாறும் மதிப்புகளின்) பின்னால் ஒவ்வொரு முறையும் டாட் வேல்யூ எழுதும் தொல்லையை எடுத்துவிடும். எழுதப் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் ஒரு வேரியபிளைப் பார்த்தால் அது சாதாரணமா, ரியாக்டிவா (ரெஃப் போலத் திரையை மாற்றுவதா) என்று தெரியாமல் போகிறது என்பதால் கைவிட்டார்கள். 3.3-இல் எச்சரிக்கை, 3.4-இல் நீக்கம். விட மனமில்லாதவர்களுக்கு வியூ மேக்ரோஸ் என்ற தனி பிளகின் இருக்கிறது.

அடுத்த வீடியோவில் ஒரு சின்னக் கோட்மாட்டை ஜேஎஸ்கோட்ஷிஃப்ட் என்ற கருவியில் நேரலையாக எழுதலாம். அதற்குள் நீங்கள் பயன்படுத்தும் டூல்கிட்டில் சோதனைப் பலகை தொங்கும் காம்போனென்ட் ஒன்றைப் பிடித்து, மவுஸைத் தொடாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.