துவர்த்தில் விழுந்த காசு

(எங்கள் ஊர் கால்பந்துக் கழகத்தின் ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஜெபம் சொல்லித் தொடங்கிவைத்த பங்குத்தந்தை அவர்களே, வேறு இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில் ஆடிய கால்களோடு இன்றைக்கும் காலையில் பையன்களுக்குப் பந்து எடுத்துப் போடும் எங்கள் அண்ணன் அவர்களே, கோப்பைகளைத் தந்த பாத்திரக்கடை ஐயா அவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் வலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். போன வருஷம் மைக் செட் தம்பியை விட்டுவிட்டேன், பாதிப் பேச்சில் சத்தம் போய்விட்டது. இந்த வருஷம் அவருக்கும் தனியாக வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. இது என்ன விலை, எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்று பிறகு கேட்பேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்பேன்.

கிளப் செய்யும் செலவை ரசிகன் கேள்வி கேட்கலாமா என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பணம் எப்படிப் போகிறது, ஆளை எப்படி எடுக்கிறார்கள், மூன்றாவது நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் அணி. இந்த மூன்றுக்கும் என் பாட்டி ஒரே பழமொழி வைத்திருந்தாள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நமக்குக் கடல்தான் இருக்கிறது, கடலில் போட்டாலும் அப்படித்தான்.

இங்கே பாதிப் பையன்கள் பார்சிலோனா சட்டை போட்டிருக்கிறீர்கள். அதனால் அந்தக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1899-இல் தொடங்கிய கிளப். முதலாளி கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சொத்து. 2017 ஆகஸ்டில் பாரிஸ் அணி 22.2 கோடி யூரோவைக் கட்டி நெய்மரைக் கொண்டுபோனது. நம் பணத்தில் 1,600 கோடிக்கும் மேல். ஒரு ஆட்டக்காரனுக்கு உலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அப்புறம் நடந்ததைக் கடற்கரை ஏலம் தெரிந்த உங்களுக்கு விளக்கவே வேண்டாம். கையில் கட்டுக் காசோடு ஒருத்தன் அவசரமாக வருகிறான் என்று தெரிந்தால் மீன் என்ன விலைக்குப் போகும்? அந்த மாதம் முடிவதற்குள் பார்சிலோனா டெம்பேலேவை வாங்கக் கொடுத்தது 10.5 கோடி யூரோ, நான்கைந்து மாதத்தில் கூட்டின்யோவுக்கு 12 கோடி. இரண்டுக்கும் மேலே, இன்னின்னது நடந்தால் இன்னும் தருவோம் என்று தனி ஒப்பந்தம். 2019-இல் கிரீஸ்மான், அவருக்கும் 12 கோடி.

கூட்டின்யோவை விற்ற லிவர்பூல் என்ன செய்தது? அவர்களுக்கு வேண்டிய தடுப்பாட்டக்காரர் வான் டைக். 2017 கோடையில் கேட்டார்கள், படியவில்லை. கிடைத்த வேறு ஆளை வாங்காமல் ஜனவரி வரை பொறுத்திருந்து, 7.5 கோடி பவுண்டு கொடுத்து அவரையே எடுத்தார்கள். அடுத்த கோடையில் கோல்கீப்பர் அலிசன். அதுவும் சின்னப் பணம் இல்லை. ஆனால் அணியில் எங்கே ஓட்டை என்று பார்த்து அந்த ஓட்டைக்கு மரம் வெட்டினார்கள். 2019 மே மாதம் அதே லிவர்பூல் பார்சிலோனாவை 4-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. கூட்டின்யோவோ பார்சிலோனாவில் ஒட்டாமல், கடனாக பேயர்ன் மியூனிக்குக்குப் போனார். 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பனில் பேயர்ன் 8, பார்சிலோனா 2. கடைசி இரண்டு கோலை அடித்தது யார் என்று சட்டைக்காரப் பையன்களைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. பெரியவர்களுக்குத் தெரியும், இளையவர்கள் கேட்கட்டும். முப்பது வருஷம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்டில் நாம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். காசு கொடுத்து வெளியூரிலிருந்து கூட்டிவரும் கெஸ்ட் பிளேயர் இல்லாமல் இறுதி ஆட்டமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. மலப்புறத்திலிருந்து ஒருத்தரைப் பேசினார்கள். வள்ளத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்தார்கள். அவர் வந்த அன்று மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு மாலையோடு பதினெட்டுப் பேர் போனோம். மாலையை முதலில் போட்டது தவறான ஆளுக்கு. அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாவம், மாலையோடு சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கெஸ்டுக்குக் காலையில் பரோட்டாவும் இறைச்சிக்கறியும், மதியம் நெய்மீன். சாயங்காலம் மைதானத்தைப் பார்த்தார். "இது மணலாக இருக்கிறதே" என்றார். கடற்கரையில் மணல் இல்லாமல் சிமென்டா இருக்கும்? ஷூ சரிப்படாது என்றார். ஒருத்தர் சைக்கிளில் ஓடிப்போய் வேறு ஷூ வாங்கிவந்தார். முதல் பாதியில் பந்து அவரைத் தேடிப் போனது, அவர் பந்தைத் தேடிப் போகவில்லை. இடைவேளையில் மீதிப் பணம் வராமல் காலை எடுத்து வைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பணம் பொருளாளர் வீட்டு அலமாரியில். சாவி அவர் மனைவியிடம். அந்த அக்கா குளச்சலில் ஒரு கல்யாணத்தில்.

வேறு வழி? செயலாளர் தோளில் கிடந்த துவர்த்தை, அதாவது துண்டை, விரித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். சாரத்து மடிப்பிலிருந்து, சுருக்குப்பையிலிருந்து, பீடிக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து எல்லோரும் போட்டோம். கெஸ்ட் அதை எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை நடுவர் விசிலோடு நின்றார். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்காது, தொடை பிடித்துக்கொண்டது என்று கெஸ்ட் படுத்துவிட்டார். அவருக்காக வெளியே உட்கார்த்திவைத்த நம் பையன் உள்ளே போய் உயிரைக் கொடுத்து ஆடினான். அப்படியும் ஒரு கோலில் தோற்றோம். அவன் பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது மேடையில்தான் இருக்கிறார்.

அந்த வருஷப் பொதுக்குழுவில் கணக்கு வாசித்தார்கள். "இதர செலவு" என்று ஒரு பெரிய தொகை. எல்லோரும் கை தட்டத் தயாராகிவிட்டோம். மீன் விற்கும் ஒரு அம்மா வாசலில் குட்டையை, மீன் கூடையைத்தான் சொல்கிறேன், இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "துவர்த்த விரிச்சு வாங்கினியளே, நான் இருபது ரூவா போட்டேன். அது இதுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?" பதில் இல்லை. அவர் உறுப்பினர் இல்லை, கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, பார்சிலோனாவுக்கு வருவோம். 8-2 தோல்விக்குப் பின் மெஸ்ஸி போகிறேன் என்றார். உறுப்பினர்கள் நிர்வாகத்தின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். கொரோனா காலம், மைதானம் பூட்டிக் கிடந்தது. வேண்டியது 16,520 கையெழுத்து, கொடுத்தது 20,687. வாக்கெடுப்புக்கு முன்பே, அக்டோபரில் தலைவரும் நிர்வாகக் குழுவும் ராஜினாமா.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனுக்கு இந்த வசதி கிடையாது. 2005-இல் ஒரு அமெரிக்கக் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே வைத்தது. ரசிகர்கள் கிளப்பின் பழைய நிறமான பச்சை-மஞ்சளில் துண்டு போட்டு எதிர்த்தார்கள். 2021 மே மாதம் மைதானத்துக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வைத்தார்கள். ஆள் எடுத்த லட்சணத்துக்குப் போக்பா ஒருத்தர் போதும். 2012-இல் கிளப்பை விட்டுப் போன பையனை 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் ஒரு காசு வராமல் மறுபடி போனார். ரசிகன் கத்தலாம், கையெழுத்துப் போட்டு யாரையும் இறக்க முடியாது.

ஆனால் ஒன்று. ஓட்டு இருந்த பார்சிலோனாவிலும் 2018-19 பருவத்தில் வருமானம் 84 கோடி யூரோ, உலகிலேயே அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே ஓட்டை பெரிதானது. 2021 ஆகஸ்டில் புதுத் தலைவர் சொன்ன கடன் 135 கோடி யூரோ. மெஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாரிஸ் போனார். கையெழுத்து வாங்குவது வீடு எரிந்தபின் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கணக்கை மாதாமாதம் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நான் ஆறு வருஷமாகக் கணக்குப் பலகை, கணக்குப் பலகை என்று கத்துகிறேன். கழக வாசலில் ஒரு கரும்பலகை. வரவு இவ்வளவு, கெஸ்டுக்கு இவ்வளவு, பையன்களின் பந்துக்கு இவ்வளவு. மேலே ஒரே வரி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. உறுப்பினர் சந்தா இல்லாதவர்களும் போகிற வழியில் படிக்கலாம், வாசலில் குட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கலாம்.

இரண்டாவது விஷயம், ஆள் எடுப்பது. லமின் யமால் ஏழு வயதில் பார்சிலோனாப் பள்ளிக்கு வந்த பையன், பதினைந்து வயதில் பெரிய அணியில் இறங்கினான். அவனுக்காக எந்தக் கிளப்புக்கும் 12 கோடி யூரோ போகவில்லை. இதை விரித்துச் சொல்ல ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்பிள்ளைகள் அணியைப் பற்றி அடுத்த வருஷம் கட்டாயம் பேசுவேன். அவர்களுக்கு உடைமாற்ற ஓர் அறை வேண்டும் என்பதை மட்டும் ஊராட்சித் தலைவர் அம்மா குறித்துக்கொள்ளட்டும்.

பலகையை என் செலவில் செய்து கொண்டுவந்திருக்கிறேன். தென்னை மரத்தில் சாத்தி வைத்திருக்கிறது. மரம், சாயம், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய், பில் பொருளாளரிடம் இருக்கிறது. ஆணியும் சுத்தியலும் செயலாளர் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார். செயலாளர் எங்கே?