திரும்பி வரத் தெரிந்த விமானி

வணக்கம் நேயர்களே. மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் கொழும்புப் பக்கத்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போய்வருகிறவர்களைக் கேட்டால், நோயைவிடப் பயணம்தான் ஆளைக் கொல்லுகிறது என்பார்கள். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தூரத்து ஊர் நோயாளிகளைச் சிறு விமானம் ஓட்டத் தெரிந்த சாதாரண ஆட்கள் காசு வாங்காமல் ஏற்றிப்போகிறார்கள். ஏஞ்சல் ஃபிளைட் என்றால் அங்கே பலருக்கும் தெரியும். இது அம்புலன்ஸ் அல்ல. உள்ளே வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. தானாக ஏறி உட்காரக்கூடிய நோயாளிக்கு மட்டும்தான்.

சீனக்குடாவில் விமானம் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஓட்டுகிறவருக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அமெரிக்காவில் 40 மணித்தியாலம் பறந்தாலே தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குத் தோற்றலாம். பயணியை ஏற்றுவதானால் கடந்த 90 நாளுக்குள் 3 தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும். நோயாளியை ஏற்ற இது காணாது. அவுஸ்திரேலியாவில் 2019இலிருந்து இப்படிப்பட்ட தனியார் விமானிக்கு 400 மணித்தியால அனுபவம் கேட்கிறார்கள். கருவிகளை வைத்து அல்லாமல் வெளியே கண்ணால் பார்த்து மட்டும் ஓட்டுகிறவர் இரவில் இந்தப் பயணம் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஏன் இந்த இறுக்கம்? 2017 ஜூனில் மவுண்ட் கம்பியரிலிருந்து அடிலெய்டுக்கு நோயாளியோடு கிளம்பிய சிறு விமானம் தாழ்ந்த முகிலுக்குள் போய், ஏறிய சற்று நேரத்திலேயே விழுந்தது. மூவரும் இறந்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி அந்த விமானிக்கு இருக்கவில்லை.

முகில் என்றால் என்ன, பஞ்சுதானே என்று நினைப்போம். மார்கழி மழையில் ஹபரணைப் பாதையில் ஒன்றும் தெரியாவிட்டால் வான் சாரதி ஓரங்கட்டுவார். வானத்தில் ஓரம் இல்லை. வெளியே எதுவும் தெரியாதபோது சமநிலையை உணர்த்தும் நம் உள்காது பொய் சொல்லும். விமானம் சரிந்து சுழலும், நமக்கோ நேரே போவதுபோல இருக்கும். 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தார்கள். சராசரியாக 178 விநாடியில் கட்டுப்பாடு போய்விட்டது. மூன்று நிமிடம்கூட இல்லை!

ஆகவே மணித்தியாலக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லத் தெரிவதுதான். அது லேசில்லை. வைத்தியர் நேரம் கொடுத்திருக்கிறார், நோயாளி பையோடு வந்து நிற்கிறார், எப்படி மறுப்பது? அதனால்தான் நோயாளியிடமும் வேறு வழியொன்றை ஒழுங்குசெய்து வைத்திருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் என்றால், ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள் என்று அர்த்தம். திரும்பவும் சொல்கிறேன், மறுப்பதும் ஒரு தகுதி.

சரி, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். எரிபொருள் செலவு பற்றியும் பேச இருந்தேன். பெரும்பாலும் விமானியின் சொந்தக் காசுதான். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் செலவைத் திரும்பப் பெற இடம் கொடுத்தது. காப்புறுதியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நன்றி, வணக்கம்.